ஊரகக் கட்டமைப்பு, வீட்டுவசதி, வாழ்வாதாரம்: தொண்டு நிறுவனங்களின் உதவி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழக ஊராட்சிகளில் குடிநீர், கண்மாய், வீடு, தொழில் ஆகியவற்றுக்காகத் தொண்டு நிறுவனங்களை அணுக விரும்பும் பொதுமக்களுக்கும், சொந்த ஊருக்கு ஏதேனும் செய்ய நினைக்கும் வெளியூர்வாசிகளுக்கும், இப்பணியில் புதிதாகச் சேரும் இளைஞர்களுக்கும் உதவும் வகையில் இக்கேள்விகள் தொகுக்கப்பட்டுள்ளன. திட்ட விதிகள் அரசாணைக்கு அரசாணை மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் முன் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் நடப்பு விதியைக் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

ஊராட்சியும் இத்தனை அரசுத் துறைகளும் இருக்கும்போது தொண்டு நிறுவனம் எதற்கு?

பணத்துக்காக என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது தவறான எதிர்பார்ப்பு. ஒரு மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிக்கோ, இணைப்புச் சாலைக்கோ, நூறு வீடுகளுக்கோ ஆகும் தொகையைத் தன் கையிலிருந்து தரக்கூடிய தொண்டு நிறுவனம் மிக அரிது. அந்த அளவுக்கான பணம் அரசுத் திட்டங்களில்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் ஓர் ஊருக்கு வந்து சேர, யார் யாருக்குப் பட்டா இல்லை, எந்தத் தெருவில் எத்தனை வீடுகளுக்குக் குழாய் இணைப்பு இல்லை, எந்த இடம் எந்தத் துறைக்குச் சொந்தம் என்பன போன்ற விவரங்களைத் திரட்டி, கிராம சபைத் தீர்மானமாக்கி, மதிப்பீடு தயாரிக்கச் செய்து, உரிய மேசைவரை கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் வேண்டும். ஊராட்சிச் செயலருக்கு அதற்கு நேரம் இருப்பதில்லை. கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒன்றிய அலுவலகத்துக்கு நடக்க ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியிருக்கிறது. பணம் வருவதற்கு முன் செய்ய வேண்டிய இந்த வேலையும், கட்டி முடித்தபின் பல ஆண்டுகள் செய்ய வேண்டிய பராமரிப்பு வேலையும்தான் தொண்டு நிறுவனங்கள் உண்மையாகப் பயன்படும் இடங்கள். திறப்பு விழாவை மட்டும் நடத்திக் கொடுக்க முன்வரும் நிறுவனத்தைவிட, தீர்மானத்தின் வாசகத்தை எழுத உட்காரும் நிறுவனம் ஊருக்கு அதிகம் பயன்படும்.

ஒரு நிறுவனம் நம்பத்தகுந்ததா என்று எப்படிப் பார்ப்பது?

சார்பதிவாளரிடம் பதிவான அறக்கட்டளை, 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவான சங்கம், 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் பிரிவு 8இன்கீழ் அமைந்த இலாப நோக்கமற்ற கம்பெனி ஆகிய மூன்றில் ஒன்றாக அது இருக்க வேண்டும். தொண்டு நிறுவனங்களுக்கென உள்ள நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் பதிவு, வருமான வரித்துறையின் 12ஏ, 80ஜி எனப் பரவலாக அறியப்படும் வரிச்சலுகைச் சான்றுகள், தணிக்கை செய்யப்பட்ட கடந்த மூன்றாண்டுக் கணக்கு ஆகியவற்றைக் கேட்டுப் பெறலாம். கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை. தாள்கள் எல்லாம் சரியாக இருந்தும் வேலை சரியில்லாத நிறுவனங்கள் உண்டு. ஆகவே, ஐந்து ஆண்டுகளுக்கு முன் அவர்கள் வேலை செய்து முடித்த ஓர் ஊரின் பெயரைக் கேட்டு, அவர்களுடன் சேர்ந்து போகாமல் தனியே அங்குப் போய்ப் பார்ப்பதே சிறந்த சோதனை.

ஊர் தரப்பில் முதலில் செய்ய வேண்டியது என்ன?

கிராம சபைத் தீர்மானம். தமிழகத்தில் குடியரசு நாள், மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், மே 1, சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள், நவம்பர் 1 உள்ளாட்சி நாள் என ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூட வேண்டும். ‘எங்கள் ஊருக்குக் குடிநீர் வசதி செய்து தர வேண்டும்’ என்ற பொதுவான தீர்மானத்தால் பயன் இல்லை. தெருவின் பெயர், வீடுகளின் எண்ணிக்கை, இப்போதைய நீராதாரம், உத்தேசிக்கும் இடத்தின் சர்வே எண், அந்த இடத்தின் வகைப்பாடு ஆகியவை தீர்மானத்திலேயே இருந்தால், பின்னர் எந்த அலுவலரும் கோப்பைத் திருப்பி அனுப்பக் காரணம் தேட வேண்டியிருக்கும்.

தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலங்களும் வரும். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றது அண்மைய எடுத்துக்காட்டு. அத்தகைய சமயத்தில் மனுவை வட்டார வளர்ச்சி அலுவலரிடம் நேரடியாக அளித்து, ஒப்புகைச் சீட்டைப் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும்.

‘நமக்கு நாமே’ திட்டத்தில் தொண்டு நிறுவனம் பங்கேற்க முடியுமா?

முடியும். 1997-98இல் தொடங்கி, இடையில் வேறு பெயரில் நடந்து, 2021-22இல் மீண்டும் இப்பெயரிலேயே உயிர்பெற்ற திட்டம் இது. ஊரகப் பகுதியில் மதிப்பீட்டுத் தொகையில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்கள் தர வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் வாழும் பகுதிகளில் ஐந்தில் ஒரு பங்கு போதும். இந்தப் பங்கைத் தனிநபரோ, சங்கமோ, கம்பெனியோ, தொண்டு நிறுவனமோ செலுத்தலாம். பள்ளிச் சுற்றுச்சுவர், நூலகக் கட்டடம், நீர்நிலைச் சீரமைப்பு போன்ற பொதுச் சொத்துகளுக்கே இது பொருந்தும்.

தொண்டு நிறுவனம் முழுத் தொகையையும் செலுத்திவிடுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. நிறுவனம் பெரும்பங்கைத் தந்தாலும், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் சிறு தொகையாவது வந்திருக்க வேண்டும். காசு கொடுத்தவர்தான் ‘சிமெண்டு ஏன் குறைகிறது’ என்று வேலையிடத்தில் நின்று கேட்பார்.

குடிநீர்த் திட்டத்தில் ஊர்மக்கள் பணம் கட்ட வேண்டும் என்கிறார்களே, அது சரியா?

ஊரக வீடுகளுக்குக் குழாய்வழிக் குடிநீர் தர 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கத்தின் வழிகாட்டி நெறிமுறை, ஊருக்குள் அமையும் கட்டமைப்பின் மூலதனச் செலவில் 10 சதவீதத்தை ஊர் ஏற்க வேண்டும் என்கிறது. மலைப்பகுதிகளிலும், பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் பாதிக்குமேல் உள்ள ஊர்களிலும் இது 5 சதவீதம். பணமாகவோ, பொருளாகவோ, உடலுழைப்பாகவோ இதைத் தரலாம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது இலக்கு. பாதிப்பேர் பெண்களாக உள்ள கிராமக் குடிநீர்க் குழு ஒன்று அமைய வேண்டும். அதை அமைக்கவும் பயிற்றுவிக்கவும் தொண்டு நிறுவனங்களைச் செயலாக்க ஆதரவு முகமைகளாக ஈடுபடுத்த அந்நெறிமுறையே இடம் தருகிறது. பல ஊர்களில் இக்குழு கையெழுத்துப் பதிவேட்டில் மட்டுமே இயங்குகிறது என்பதும் உண்மை.

பங்களிப்பு ஏன் தேவை என்பதற்கு ஒடிசாவின் கிராம் விகாஸ் நிறுவனம் நல்ல சான்று. 1971ஆம் ஆண்டுப் புயலின்போது நிவாரணப் பணிக்காகச் சென்னையிலிருந்து ஒடிசாவுக்குப் போன மாணவர் தொண்டர்களில் சிலர் அங்கேயே தங்கிவிட்டனர். அவர்களில் ஒருவரான ஜோ மடியத் முன்னின்று 1979இல் கஞ்சம் மாவட்டத்தில் நிறுவிய அமைப்பு அது. 1992 முதல் அவர்கள் குடிநீர், கழிப்பறைப் பணியில் ஒரு கண்டிப்பான விதியைக் கடைப்பிடித்தார்கள்: ஊரில் ஒரு குடும்பம்கூட விடுபடாமல் எல்லாரும் சம்மதித்தால்தான் வேலை தொடங்கும். குடும்பத்துக்குச் சராசரியாக 1,000 ரூபாய் வீதம் ஒரு வைப்புநிதி சேர்க்கப்பட்டு, அதன் வட்டி பிற்காலத்தில் தனிக்குடித்தனம் போகும் புதிய குடும்பங்களுக்குக் கழிப்பறை கட்ட ஒதுக்கப்பட்டது. ஒவ்வொரு வீட்டுக்கும் கழிப்பறையில் ஒன்று, குளியலறையில் ஒன்று, சமையலறையில் ஒன்று என மூன்று குழாய்கள். மேல்தெருவுக்கும் கீழ்த்தெருவுக்கும் ஒரே தொட்டியிலிருந்து ஒரே நேரத்தில் தண்ணீர் என்பது அந்த விதிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ‘எல்லாரும் அல்லது எவருமில்லை’ என்பதால் சில ஊர்களில் சம்மதம் பெறவே நெடுங்காலம் பிடித்தது. ஆனாலும் அந்த விதியைத் தளர்த்தாததே அவர்கள் பணியின் உயிர்நாடி என்று நாங்கள் கருதுகிறோம்.

எங்கள் ஊருக்கு ஒரு நன்கொடையாளர் ஆர்.ஓ. இயந்திரம் தர முன்வருகிறார். ஏற்றுக்கொள்ளலாமா?

ஏற்பதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும்: சவ்வு மாற்ற வேண்டிய காலத்தில் அந்தச் செலவு யாருடையது, மின்கட்டணம் எந்தக் கணக்கில் சேரும், கழிவுநீர் எங்கே போகும்?

நம் ஊர்ப் புறங்களில் காணக்கூடிய காட்சிதான்: தகரக் கூரையும் நீலப் பெயிண்டும் கொண்ட ஒரு சிறு அறை, நாணயம் போட்டால் இருபது லிட்டர் கேன் நிறையும் பெட்டி, சுவரில் நன்கொடையாளரின் பெயர்ப் பலகை. முதலாண்டு நன்றாக ஓடும். பிறகு முன்வடிகட்டி அடைத்துக்கொள்ளும். தண்ணீரின் சுவை மாறும். பழுது பார்க்க நகரத்திலிருந்து வரும் ஆளுக்கு வண்டிச் செலவே பெரிதாக இருக்கும். நாணயப் பெட்டியில் சேர்ந்த காசு யாரிடம் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. ஒருநாள் கதவு பூட்டப்படும். பெயர்ப் பலகை மட்டும் மழையில் நனைந்துகொண்டு இருக்கும். அதற்குள் இயந்திரம் சுத்திகரித்ததுபோக வெளியேற்றிய உப்புநீர் பக்கத்து வாய்க்காலில் கலந்திருக்கும்.

நிலத்தடி நீரில் உப்பும் ஃபுளோரைடும் மிகுந்த தருமபுரி போன்ற பகுதிகளில் சுத்திகரிப்பு தேவைதான். ஆனால் இயந்திரத்தின் விலையோடு ஐந்தாண்டுப் பராமரிப்புத் தொகையையும் சேர்த்துத் தனிக் கணக்கில் வைப்பாக இட்டால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். அதற்கு நன்கொடையாளர் உடன்படவில்லையென்றால், நன்றி தெரிவித்து மறுத்துவிடலாம்.

கண்மாயைத் தூர்வாரத் தொண்டு நிறுவனத்தை அணுகலாமா?

அணுகலாம், ஆனால் ‘தூர்வாருதல்’ என்ற சொல்லில் சிக்கிக்கொள்ளக் கூடாது. தமிழகத்தில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் உள்ளன. நூறு ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, உடையவை பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும், பெரியவை நீர்வளத்துறையின் பொறுப்பிலும் இருக்கின்றன. எனவே முதலில் கண்மாய் யாருடையது என்று அறிந்து அந்த அலுவலகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியைப் பெற வேண்டும். அனுமதியின்றிப் பொக்லைனை இறக்கினால் நல்லெண்ணம் இருந்தும் வழக்குத்தான் மிஞ்சும்.

வேலையின் வரிசையும் முக்கியம். நடுக்கண்மாயில் ஆழமாகத் தோண்டி, அந்த மண்ணைக் கரையோரம் குவித்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு போவது எளிது. அப்படித் தோண்டிய பள்ளம், வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடையின் தரைமட்டத்துக்குக் கீழே இருந்தால், அதில் தேங்கும் தண்ணீர் வயலுக்கு ஏறாது. மாடு குடிக்கவும் நிலத்தடியில் ஊறவுமே உதவும். வரத்துக்கால்வாயைத் திறந்துவிட்டால்தான் கண்மாய் நிறையும். மடைப் பலகை சரியாக உட்கார்ந்தால்தான் நிறைந்தது நிற்கும். உபரிநீர் வழியும் கலுங்கு சரியாக இருந்தால்தான் மிஞ்சியது கரையை உடைக்காமல் அடுத்த கண்மாய்க்குப் போகும். இந்த மூன்றும் முடிந்தபிறகு வண்டலுக்கு வரலாம். வண்டல் மண்ணை விவசாயிகள் தங்கள் நிலத்துக்கு எடுத்துச்செல்ல அரசு அனுமதி வழங்குகிறது. அதற்கான அனுமதிச் சீட்டைப் பெற உதவுவதே தொண்டு நிறுவனம் செய்யக்கூடிய, செலவில்லாத பெரிய உதவி.

மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு 1997 அக்டோபர் 2 அன்று பதிவான தானம் அறக்கட்டளை, தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்தே ‘வயலகம்’ என்ற பெயரில் ஆயக்கட்டு விவசாயிகளைக் கண்மாய்வாரியாகச் சங்கமாக்கி இப்பணியைச் செய்துவருகிறது. கண்மாய்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சங்கிலித்தொடராக இருப்பதால், மேல் கண்மாய்க்காரர்களையும் கீழ் கண்மாய்க்காரர்களையும் ஒரே கூட்டத்தில் உட்காரவைப்பது அவர்கள் முறையின் சிறப்பு. 2016-17இல் அரசு தொடங்கிய குடிமராமத்துத் திட்டமும் 10 சதவீத விவசாயிகள் பங்களிப்பு என்ற அடிப்படையிலேயே அமைந்தது.

தொண்டு நிறுவனம் எனக்கு வீடு கட்டித் தருமா?

பேரிடர்க் காலம் தவிர, மற்ற நேரங்களில் அநேகமாகத் தராது. ஊரக வீட்டுக்கு இப்போது இரண்டு முக்கிய வழிகள் உள்ளன. 2016இல் இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டத்துக்கு மாற்றாக வந்த பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு 1,20,000 ரூபாய் அலகுத் தொகை. மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற விகிதத்தில் இது பகிரப்படுகிறது. கான்கிரீட் கூரைக்காகத் தமிழக அரசு கூடுதல் தொகை தருகிறது. குறைந்த அளவு 25 சதுர மீட்டர். மற்றொன்று, 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம்: 360 சதுர அடி, 3,50,000 ரூபாய், குடிசையில் வாழ்வோருக்கு முன்னுரிமை. இரண்டிலும் வீட்டைக் கட்டுவது பயனாளியே.

தொண்டு நிறுவனத்தின் உதவி தேவைப்படுவது இந்தத் தொகைகளின் இடைவெளிகளில். அரசுப் பணம் அடித்தளம், கதவு சன்னல்களுக்கு மேலுள்ள லிண்டல் மட்டம், கூரை, நிறைவு எனக் கட்டம் கட்டமாக, அந்தந்தக் கட்டம் முடிந்து புகைப்படம் பதிவேறியபிறகே வங்கிக் கணக்குக்கு வருகிறது. ஆகவே அடித்தளத்தை எழுப்ப முதல் பணத்தைக் குடும்பம் தானே புரட்ட வேண்டும். குடிசையில் இருப்பவரிடம் ஒரு லோடு கருங்கல்லுக்கும் மணலுக்கும் கொத்தனார் கூலிக்கும் கையிருப்பு ஏது? நகையை அடகு வைக்கிறார். இல்லையேல் கந்துவட்டிக்கு வாங்குகிறார். தவணை தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் வட்டி ஏறுகிறது. கூரைப் பணம் வரும்போது அதில் ஒரு பகுதி வட்டிக்காரருக்குப் போய்விடுகிறது. ஊருக்கு ஊர் லிண்டல் மட்டத்தில் நின்றுபோன சுவர்கள் இருப்பதற்கு இதுவே முதற்காரணம். வந்ததுதான் வந்தது, கொஞ்சம் பெரிதாகவே கட்டிவிடலாம் என்று அளவைக் கூட்டிக்கொள்வது இரண்டாம் காரணம்.

மகளிர் குழுக் கூட்டமைப்பின் வழியாக ஒரு சுழல்நிதி அமைத்து, அடித்தளச் செலவை முன்பணமாகத் தந்து, அரசுத் தவணை வந்ததும் திருப்பிப் பெறும் ஏற்பாட்டைத் தொண்டு நிறுவனம் செய்தால், ஒரே தொகை அடுத்தடுத்துப் பல குடும்பங்களுக்குப் பயன்படும். இலவசமாக ஒரு வீட்டைக் கட்டித் தரும் பணத்தில் இப்படிப் பல வீடுகளை முடிக்கச் செய்யலாம் என்பதால், நன்கொடையாளர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது இதைத்தான்.

மனையே இல்லாதவர்கள் என்ன செய்வது?

மேற்சொன்ன திட்டங்கள் எல்லாவற்றுக்கும் நுழைவாயில் பட்டாதான். ஊரகப் பகுதியில் அரசு மூன்று சென்ட் வரை இலவச வீட்டுமனைப் பட்டா வழங்கலாம். ஆட்சேபணையற்ற புறம்போக்கில் நெடுங்காலம் குடியிருப்போருக்கு வரன்முறை செய்து தரவும் வழியுண்டு. நீர்நிலைப் புறம்போக்காக இருந்தால் வழியில்லை. அங்கே குடியிருப்போருக்கு மாற்றிடம் கேட்பதே நேர்மையான ஆலோசனை. ‘பட்டா வாங்கித் தருகிறோம்’ என்று கண்மாய்ப் புறம்போக்கில் இருப்பவர்களிடம் பணம் வசூலிப்பவர்கள் தொண்டு நிறுவனத்தின் பெயரிலும் வருவதுண்டு, எச்சரிக்கை தேவை.

நிலமற்றோருக்கான பணியில் தமிழகத்துக்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டபின் கீழத்தஞ்சைக்குப் போன கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் இணையர் 1981இல் ‘லாப்டி’ என்ற உழுபவர் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கினர். நிலக்கிழார்களிடம் பேசி விலைக்கு நிலத்தை வாங்கி, நிலமற்ற தலித் குடும்பங்களின் பெண்கள் பெயரில் பதிவுசெய்து தந்தார்கள். பின்னர் குடிசைகளுக்குப் பதிலாகக் கல்வீடுகள் கட்டும் பணிக்கும் வந்தார்கள். நிலம், பிறகு வீடு என்ற இந்த வரிசை தற்செயலானதன்று.

ஆழிப்பேரலைக்குப் பின் தொண்டு நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் வீடு கட்டினவே. அதிலிருந்து கற்றது என்ன?

2004 டிசம்பர் 26க்குப் பிறகு நாகப்பட்டினத்தில் நடந்த அளவுக்கு ஒரே இடத்தில் தொண்டு நிறுவனங்கள் குவிந்தது தமிழக வரலாற்றில் வேறெப்போதும் இல்லை. ஆடை மூட்டைகள் சாலையோரம் கொட்டிக்கிடக்க, தேவையான பொருள் தேவையான ஊருக்குப் போகாத நிலையில், மீனவர் சங்கக் கூட்டமைப்பான ‘சிப்ஸ்’, பெண்களிடையே பணியாற்றிய ‘சிநேகா’ ஆகியவை முன்னின்று ஒருங்கிணைப்பு மையம் ஒன்றை அமைத்தன. எந்த ஊரில் யார் என்ன செய்கிறார்கள் என்ற பட்டியலே அங்கு நடந்த முதல் பெரும்பணி.

2005 மார்ச்சில் வந்த அரசாணை நிரந்தர வீடுகளுக்குத் தொண்டு நிறுவனங்களுடன் கூட்டாண்மையை வகுத்தது. வீட்டுக்கு ஏறத்தாழ 1,50,000 ரூபாய், 300 சதுர அடிக்குச் சற்று மேல், கணவன் மனைவி இருவர் பெயரிலும் உரிமை. உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் அப்பால் போக இசைந்தால் புது வீடு இலவசம். இசையாவிட்டால் பழைய வீட்டைத் தம் செலவில் பழுதுபார்த்துக்கொள்ளலாம், உதவி கிடையாது.

வீடுகள் எழுந்தன, பல குடும்பங்களுக்கு முதன்முதலாகப் பெண்ணின் பெயரில் சொத்து வந்தது. குறைகளும் வெளிப்படையாகவே தெரிந்தன. ஒப்பந்ததாரர்கள் வேகமாகக் கட்டுவதற்காகச் சில ஊர்களில் மரங்களை வெட்டி மணலைச் சமன்செய்து, ஒரே அச்சில் வரிசை வரிசையாக வீடுகளை நிறுத்தினார்கள். நன்றாக இருந்த பழைய வீடுகள்கூடச் சில இடங்களில் இடிக்கப்பட்டன. கருவாடு காயவைக்கவும் வலை பின்னவும் முற்றமும் மரநிழலும் வேண்டும் என்பதை எந்த வரைபடமும் கேட்கவில்லை. கடற்கரையில் வலையும் படகும் இருக்க, வீடு தொலைவில் இருந்தால் விடியற்காலையில் கடலுக்குப் போகிறவருக்கு அது எத்தகைய தொல்லை என்பதை மீனவப் பஞ்சாயத்துகள் எடுத்துச்சொன்னபிறகே சில நிறுவனங்கள் வரைபடத்தை மாற்றின. வீட்டு உரிமையாளரே கட்டவும் நிறுவனம் பொறியாளரையும் தவணையையும் பார்த்துக்கொள்ளவும் ஏற்பாடு செய்வது மெதுவான முறைதான்; ஆனால் குடியேறியவர் ஓராண்டுக்குள் சுவரை உடைத்து மாற்றிக்கட்ட வேண்டிய அவசியம் அதில் நேர்வதில்லை.

செலவு குறைந்த கட்டுமான முறைகள் எங்கள் ஊருக்கு ஒத்துவருமா?

எலிப்பொறிக் கட்டு முறையில் செங்கல்லை நிமிர்த்தி வைத்து நடுவில் வெற்றிடம் விடுவதால், செங்கல் தேவை சுமார் கால்பங்கு குறையும், வீட்டுக்குள் சூடும் குறையும். கூரையில் ஓடு பதித்துக் கான்கிரீட்டைக் குறைக்கும் முறையும், ஆரோவில் புவி நிறுவனம் பரப்பிய அழுத்தமண் கல்லும் சோதிக்கப்பட்டவையே. தடை தொழில்நுட்பத்தில் இல்லை. உள்ளூர்க் கொத்தனாருக்குப் பழக்கம் இல்லை. ‘மண்கல்லில் கட்டினால் ஏழை வீடு என்பார்கள்’ என்ற மனத்தடை வீட்டுக்காரருக்கு உண்டு. முதலில் நூலகம், அங்கன்வாடி போன்ற பொதுக் கட்டடத்தை இம்முறையில் கட்டிக் கொத்தனார்களைப் பழக்கிய பிறகே வீடுகளுக்குப் போவது நல்லது.

மகளிர் குழுக்கள் ஏற்கெனவே இருக்கும்போது, பொருளாதார வளர்ச்சியில் இனி செய்ய என்ன இருக்கிறது?

1989இல் தருமபுரியில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கிய முயற்சி, 1997-98இல் மகளிர் திட்டமாக விரிந்து, இன்று குழு இல்லாத ஊரே இல்லை என்ற நிலை வந்துவிட்டது. சேமிப்பும் கடனும் சரியாக நடக்கின்றன. பத்து லட்சம் ரூபாய் வரை வங்கிகள் குழுவிடம் பிணை கேட்கக் கூடாது. குறை விற்பனையில் இருக்கிறது. தையல், ஊறுகாய், பினாயில், மெழுகுவர்த்தி என்று அதே பயிற்சிகள் திரும்பத் திரும்ப நடத்தப்படுகின்றன. ஓர் ஊரில் முப்பது பேர் பினாயில் தயாரித்தால் அதை வாங்க யார் இருக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

அந்தந்த வட்டாரத்தில் ஏற்கெனவே விளைவதை, மேய்வதை, செய்வதை ஒரு படி மேலே கொண்டுபோவதே பலன் தருகிறது. புளியைக் கொட்டை நீக்கித் தரம்பிரித்து விற்பது, வெள்ளாட்டை எடைபோட்டு விற்கும் சந்தை ஏற்பாடு, சிறுதானியத்தைத் தோல்நீக்கும் இயந்திரம், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட விவசாயிகள் சேர்ந்து பதிவுசெய்யும் உற்பத்தியாளர் கம்பெனி ஆகியவற்றில் தொண்டு நிறுவனம் கணக்கெழுதவும் வாங்குவோரைத் தேடவும் இரண்டு மூன்று ஆண்டுகள் துணைநிற்க வேண்டும்.

குழுக்கடனையும் நுண்நிதி நிறுவனக் கடனையும் ஒன்றாக எண்ணக் கூடாது. 2022 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வாசலில் வந்து நிற்கும் வசூலாளரிடம் இந்த விதியைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியை எங்கள் ஊர் பெற முடியுமா?

நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர இலாபம் 5 கோடி ரூபாய் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஊரக வளர்ச்சியும் பாதுகாப்பான குடிநீரும் அதற்கான பட்டியலில் உள்ளன. நிதி நேரடியாக ஊருக்கு வராது. அதற்கெனப் பதிவுபெற்ற நிறுவனத்தின் வழியாகவே பெரும்பாலும் வரும். தொழிற்சாலைக்கு அருகிலுள்ள ஊர்களுக்கே முதலிடம் என்பதால் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பாயும் நிதி இராமநாதபுரத்துக் கடைசி ஊருக்கு எட்டுவதில்லை. இதைச் சரிசெய்யாமல் ஊரக வளர்ச்சிக்கு இந்நிதியை நம்பியிருப்பது வீண்.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் பணம் அனுப்பினால் சட்டச் சிக்கல் வருமா?

அனுப்புபவரின் குடியுரிமையைப் பொறுத்தது. இந்தியக் குடியுரிமையுடன் வெளிநாட்டில் வேலை செய்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பாகக் கருதப்படாது. சிங்கப்பூர், கனடா போன்ற நாடுகளின் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்பினால், தமிழராயினும், அது வெளிநாட்டுப் பங்களிப்பே. அதைப் பெறும் நிறுவனத்துக்கு 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு வேண்டும். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அத்தொகை புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில்தான் முதலில் வரவாக வேண்டும். ஒரு நிறுவனம் பெற்றதை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றித் தரவும் முடியாது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஊர்க் கோயில் கமிட்டியின் கணக்கில் போட்டு வாங்கிக்கொள்ளலாம் என்ற யோசனை பரவலாக இருக்கிறது. அது சட்டப்படி குற்றம்.

நிர்வாகச் செலவு குறைவாக உள்ள நிறுவனம்தானே நல்ல நிறுவனம்?

அப்படிச் சொல்லிவிட முடியாது. இந்தப் பக்கத்தில் சொல்லப்பட்ட பட்டா விண்ணப்பம், கணக்கெடுப்பு, குழுக்கூட்டம், கணக்குப் பயிற்சி எல்லாமே களப்பணியாளரின் சம்பளமாகவும் பேருந்துக் கட்டணமாகவும்தான் கணக்கில் வருகின்றன. சிமெண்டு மட்டும் செலவு, மனித உழைப்பு வீண்செலவு என்ற எண்ணம்தான் பூட்டிக்கிடக்கும் கட்டடங்களைப் பெருக்குகிறது.

பராமரிப்புக்கு ஊராட்சியே வருமானம் ஈட்ட வழியுண்டா?

பதினைந்தாம் நிதிக்குழு 2021-26 காலத்துக்கு அளித்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என ஒதுக்கப்பட்டது. அதற்குமேல் சொந்த வருமானத்துக்கு வழிகண்ட ஊராட்சியாகக் கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகிலுள்ள ஓடந்துறையைச் சொல்ல வேண்டும். ஆர். சண்முகம் தலைவராக இருந்த காலத்தில், 2006இல், சேமிப்பிலிருந்து 40 லட்சமும் வங்கிக் கடனாக 1.15 கோடியும் போட்டு 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை அந்த ஊராட்சி வாங்கியது. தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் ஆகும் மின்சாரம் போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றது. எல்லா ஊராட்சிக்கும் காற்றாலை சாத்தியமில்லை. ஆனால் குடிநீர்த் திட்டத்தின் பெருஞ்செலவு மின்கட்டணம்தான் என்பதை அவர்கள் சரியாகக் கண்டுபிடித்தார்கள். மோட்டார் அறைக் கூரையில் சூரியத் தகடு அமைப்பது பல ஊர்களுக்கு எட்டக்கூடியது.

பணி முடிந்து தொண்டு நிறுவனம் வெளியேறும்போது எவற்றைக் கேட்டுப் பெற வேண்டும்?

நிறைவுச் சான்றும், குழாய் எந்தத் தெருவில் எவ்வளவு ஆழத்தில் போகிறது, வால்வுகள் எங்கே உள்ளன என்பதைக் காட்டும் வரைபடமும் முதலாவது. மோட்டார், பம்பு ஆகியவற்றின் ரசீதும் உத்தரவாத அட்டையும், பழுதுபார்ப்பவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இரண்டாவது. பராமரிப்பு நிதியின் வங்கிக் கணக்குப் புத்தகம், அதில் கையெழுத்திடும் உரிமை நிறுவனத்தின் ஊழியரிடமிருந்து குடிநீர்க் குழுவின் இரு பெண் உறுப்பினர்களுக்கு மாறிவிட்டதற்கான வங்கியின் கடிதம் ஆகியவை மூன்றாவது. இவை எல்லாவற்றின் நகலும் ஊராட்சி அலுவலகத்தில் இருக்க வேண்டும். கட்டப்பட்டது ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் பதிவாகியிருக்கிறதா என்றும் அன்றைக்கே பார்த்துவிட வேண்டும். பதிவேட்டில் ஏறாத தொட்டிக்கு அடுத்த ஆண்டு வெள்ளையடிக்கக்கூட ஊராட்சியால் பணம் ஒதுக்க முடியாது.